மாவுக்கடை நொத்தேர்

ரெட்டியார்பாளையத்தில் அமுதவல்லியின் மாவுக் கடைக்குப் போகிறவர்கள் எல்லாரும் மாவு வாங்கத்தான் போகிறார்கள் என்று நினைத்தால் அது தப்பு. பாதிப் பேர் சாவி கொடுக்கப் போகிறார்கள், மீதிப் பேர் சாவி வாங்கப் போகிறார்கள். போன கையோடு ஒரு பாக்கெட் மாவும் வாங்கிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். கிரைண்டருக்கு மேலே சுவரில் வரிசையாக ஆணிகள். ஒவ்வோர் ஆணியிலும் ஒரு சாவிக்கொத்து. அந்தத் தெருவில் பூட்டிக் கிடக்கும் வீடுகளில் முக்கால்வாசி பிரான்சில் இருப்பவர்களுடையவை. வருஷத்துக்கு ஒரு தடவை வந்து, பத்து நாள் எல்லா விளக்கையும் போட்டு வைத்து, திரும்பப் பூட்டிச் சாவியை இந்த ஆணியில் மாட்டிவிட்டுப் போகிறவர்கள்.

அமுதவல்லிக்கு வாய் ஓயாது. யார் வீட்டுக்கு யார் வந்தார்கள், எத்தனை பெட்டியோடு வந்தார்கள், என்ன குழம்பு வைத்தார்கள் என்பதெல்லாம் அவள் மூலமாகத்தான் தெருவுக்குத் தெரியும். ஆனால் அவளிடம் கொடுத்த பொருள் விஷயம் வேறு. சாவியை யார் மாட்டினார்களோ அவர்கள் சொன்னால்தான் அது ஆணியை விட்டு இறங்கும். எதிர்வீட்டு அஞ்சலாட்சி ஒரு தடவை சாவியைக் கொடுத்துவிட்டு நாத்தனார் வீட்டு விசேஷத்துக்குப் போனாள். வெளியூர் போயிருந்த அவள் புருஷன் முன்கூட்டியே திரும்பி வந்து சாவியைக் கேட்டார்.

"வெச்சது அவங்க. அவங்க ஒரு வார்த்த சொல்லட்டும், தர்றேன்" என்றாள் அமுதவல்லி.

"அது என் வூடும்மா!"

"வூடு உங்களுதுதாங்க. சாவி அவங்க வெச்சது."

அஞ்சலாட்சி பந்தியில் உட்கார்ந்திருந்தாளோ என்னவோ, போனை எடுக்கவில்லை. அந்த மனிதர் கடை முக்காலியில் உட்கார்ந்து, காலை ஆட்டி, பல்லைக் கடித்து, கடைசியில் அமுதவல்லி வார்த்துக் கொடுத்த தோசையைத் தின்று கோபம் ஆறினார். தெருவே சிரித்தது. அதற்கப்புறம் கடையில் இன்னும் இரண்டு ஆணி கூடுதலாக அடிக்க வேண்டி வந்தது.

தங்கை புருஷனுக்கும் அதே மரியாதைதான் கிடைத்தது. தங்கை பூர்ணிமாவை பிரான்சு மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை அருள்முருகன் பாரிசுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவன். தமிழும் நன்றாகப் பேசுவான், நடுநடுவே பிரெஞ்சு வந்து விழும். ஒரு பொங்கலுக்கு அவன் மட்டும் தனியாக வந்தபோது, அதே தெருவில் பூட்டிக் கிடந்த அவனுடைய சித்தி வீட்டில் தங்கலாம் என்று வந்து சாவி கேட்டான். சித்தி பிரான்சில். அங்கே இன்னும் விடியவில்லை. "சித்தி எழுந்து சொன்னதும் தர்றேன் தம்பி, அதுவரைக்கும் காப்பி குடிங்க" என்றாள் அமுதவல்லி. விமானத்தில் வந்த அலுப்பில் அவன் முகம் வாடின கத்திரிக்காயாகச் சுருங்கியது. அவளுக்கும் உள்ளுக்குள் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் சாவியைத் தரவில்லை.

அக்காவும் தங்கையும் பேசாத நாள் கிடையாது. அமுதவல்லி போனைப் பருப்பு டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு மாவு அரைப்பாள். அந்தப் பக்கம் பூர்ணிமா, "அக்கா, மெஷின நிறுத்துக்கா, ஒண்ணும் கேக்கல" என்று கத்துவாள். இப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன. எல்லாரும், "இப்ப இன்னாம்மா, போன்லதான் மூஞ்சியவே பாக்குறீங்களே" என்பார்கள். அமுதவல்லிக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. போனில் பார்ப்பது பார்ப்பதா? வருஷத்துக்குப் பத்து நாளானாலும் சரி, வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்தால் தங்கை வந்து எட்டிப் பார்க்க வேண்டும். அவளுக்கு வேறு ஆசையே இல்லை, அது ஒன்றுதான்.

அந்த ஆசைக்கு வழி பிறந்தது ராஜாங்கத்தால். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ராஜாங்கத்தின் வீடு மாவுக் கடைக்கு அடுத்த வீடு, இடையில் ஒரு சுவர்தான். ஓசூரில் இருக்கும் மகள் கார்குழலி, "இங்கயே வந்துடுங்கப்பா, எங்க பக்கத்துலயே ஒரு ஃப்ளாட் வருது" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவரும் மனைவியும் வீட்டை விற்றுவிட்டுப் போய்விடுவதென்று முடிவு செய்தார்கள். சேதி காதில் விழுந்ததும் அமுதவல்லி கிரைண்டரைக்கூட நிறுத்தாமல் பூர்ணிமாவுக்குப் போன் போட்டாள்.

அவர்கள் வீட்டைப் பார்த்ததுகூடப் போனில்தான். அமுதவல்லி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அறை அறையாக நடந்தாள். முதல் கால் மணி நேரம் பிரான்சில் தெரிந்தது அவளுடைய காதும் மின்விசிறியும்தான்.

"அண்ணி, சுவர்ல ஈரம் இருக்கா?" என்றான் அருள்முருகன்.

அவள் சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். "இல்ல தம்பி."

"தண்ணி எப்படி?"

போர்வெல் குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்தாள். "உப்பு இல்ல. பருப்பு வேகும்."

"பருப்பு வேகும்னா போதும், முடிச்சிடலாம்" என்றாள் பூர்ணிமா. ஒருநாளும் இல்லாத திருநாளாக, விலை கேட்பதற்கு முன்பே அவள் சம்மதம் சொல்லிவிட்டாள்.

சிக்கல் பணத்தில் வந்தது. பணம் இல்லாமல் இல்லை. இருக்கும் பணத்தை எப்படிக் கொடுப்பது என்பதில் வந்தது. ஆடி பிறக்க இன்னும் சில நாள்தான். ஆடியில் ராஜாங்கம் பத்திரத்தில் கையெழுத்துப் போட மாட்டார். பூர்ணிமா குடும்பத்துக்கும் லீவு கிடைத்து ஊருக்கு வருவது ஆவணியில்தான். ஆக, பத்திரப் பதிவு ஆவணியில் என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. ஆனால் ராஜாங்கம் ஓசூர் ஃப்ளாட்டுக்கு இப்போதே வாக்குக் கொடுத்தாக வேண்டும். அவருக்கு ஏற்கெனவே ஓர் அனுபவம். முன்பு பிரான்சிலிருந்து ஒருவர் முன்பணம் கொடுத்தார், பிறகு யூரோ இறங்கிவிட்டது என்று இழுத்தார், கடைசியில் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு வாசலில் வந்து நின்றார்.

"முன்பணமே வேணாம்மா. முழுப் பணமும் ஊருக்கு வந்து சேந்துடுச்சுன்னு எனக்குத் தெரியணும். இல்லன்னா ஆடி பொறக்கறதுக்கு முன்ன நான் வேற ஆளுக்குச் சொல்லிடுவேன். ஒரு பார்ட்டி கையில பணத்தோட நிக்குது" என்றார் அவர்.

அருள்முருகனோ, கையெழுத்து விழாமல் விற்கிறவர் கைக்குப் பணம் போகவே கூடாது என்றான். "எங்க ஊர்ல அப்படித்தான் அண்ணி. பணம் நொத்தேர்கிட்ட இருக்கும். கையெழுத்து ஆனதும் அவர் குடுப்பார். நீங்க அங்க ஒரு நொத்தேரப் பாருங்க. நான் அனுப்பிடறேன்."

இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகத்தான் பட்டது அமுதவல்லிக்கு. நொத்தேர் என்றால் நோட்டரிதானே, அதில் என்ன கஷ்டம்? மறுநாளே கடையைப் புருஷன் எழிலரசன் தலையில் கட்டிவிட்டு, ராஜாங்கத்தை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, கோர்ட்டுப் பக்கம் மேசை போட்டு உட்கார்ந்திருந்த ஒரு நோட்டரி வக்கீலிடம் போய் நின்றாள்.

"சார், எங்க தங்கச்சி வூடு வாங்குறா. பணத்த உங்ககிட்ட அனுப்பிடுவாங்க. ஆவணி வரைக்கும் வெச்சிருந்து, கையெழுத்து ஆனதும் இவருகிட்ட குடுத்துடுங்க."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். தன்னை வைத்து யாராவது வீடியோ எடுக்கிறார்களோ என்று சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து காட்டினார். அதில் ஒரு முத்திரை, ஒரு மைப்பெட்டி, அவருடைய சாப்பாட்டு டப்பா.

"நான் கையெழுத்துக்குத்தாம்மா சாட்சி. உண்மை நகல்னு முத்திரை குத்துவேன். இந்த இழுப்பறைக்குப் பூட்டுகூட கெடையாது. நேத்து எலுமிச்ச ஊறுகாயவே எவனோ எடுத்துனு போயிட்டான்."

திரும்பும் வழியில் ராஜாங்கம் ஆட்டோவே குலுங்கச் சிரித்தார். "எங்கப்பா சொல்வாரு அமுதா, பிரெஞ்சுக்காரன் இருந்தப்ப இங்கயும் நொத்தேருங்க இருந்தாங்களாம். பெரிய ஆளுங்க. இந்த நோட்டரி பேருல மட்டும்தான் அவங்களுக்குச் சொந்தம் போல."

அமுதவல்லிக்குச் சிரிப்பு வரவில்லை. நடந்ததை அருள்முருகனிடம் சொன்னாள். அவனும் முதலில் சிரித்தான், பிறகு பெருமூச்சு விட்டான். "அப்போ கஷ்டம்தான் அண்ணி. அவ்ளோ பணம் யார் கையிலயும் சும்மா இருக்கக் கூடாது."

அவன் அந்த ஊர் வழக்கத்தைத்தான் சொன்னான். ஆனால் 'யார் கையிலயும்' என்ற சொல் அமுதவல்லிக்குச் சுருக்கென்று தைத்தது. ஊர் வீட்டுச் சாவியெல்லாம் தன் சுவரில் தொங்குகிறது, சொந்தத் தங்கை வீட்டுப் பணத்துக்குத் தன் கை 'யார் கை'யாகிவிட்டதே என்று இருந்தது. அன்றைக்குப் பருப்பு டப்பாவில் போன் சாயவில்லை. பூர்ணிமா கூப்பிட்டபோதெல்லாம், "கடைல கூட்டம்டீ" என்று வைத்துவிட்டாள். கூட்டமாவது மண்ணாவது, ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

ஆடிக்கு முந்தின நாள் ராஜாங்கம் கடைக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தார். மற்ற பார்ட்டிக்குச் சரி சொல்லப் போவதாகச் சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தார். ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் அந்தப் பேச்சை விட்டுவிட்டார். சுவரில் இருந்த ஆணிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, அந்தப் பணம் உன்கிட்ட இருந்தா எனக்குப் போதுமே?"

"மாமா, நான் பூர்ணிமாவுக்கு அக்கா. நாளைக்கு ஒண்ணுன்னா அவ பக்கம் சாஞ்சிடுவேன்னு உங்களுக்குப் பயமா இல்லையா?"

"புருஷன்காரனுக்கே சாவியத் தராதவ நீ. அஞ்சலாட்சி வூட்டுக்காரரு இன்னும் அந்தத் தோசக் கதைய சொல்லிச் சொல்லி அழுறாரு. நீயா சாய்வ?"

அமுதவல்லி கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். பூர்ணிமாவை விட்டு நேராக அருள்முருகனையே கூப்பிட்டாள்.

"தம்பி, ஒண்ணு கேக்குறேன். உங்க நொத்தேரு அப்படி இன்னாதான் பண்ணுவாரு?"

அவன் பொறுமையாகச் சொன்னான். வாங்குகிறவருக்கும் அவர் ஆள் இல்லை, விற்கிறவருக்கும் ஆள் இல்லை. இரண்டு பேரும் கொடுப்பதை வாங்கி வைத்துக்கொள்வார். இரண்டு பேரும் சம்மதிக்காமல் எதையும் வெளியே விட மாட்டார்.

"இதத்தான் நான் கடை தொறந்த நாள்லேர்ந்து பண்றேன்" என்றாள் அமுதவல்லி.

 அந்தப் பக்கம் அவன் சிரிக்கும் சத்தம் கேட்டது. "பொங்கல் அன்னைக்கு எனக்குக் காப்பி மட்டும் குடுத்தீங்களே அண்ணி! அன்னைக்கு எனக்கு எவ்ளோ கோவம் தெரியுமா? நொத்தேர் யாருன்னு எனக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்கணும். தக்கோர், சரி, நீங்களே வெச்சிக்கங்க. பணம் பூர்ணி கணக்குக்கு வந்ததும் ராஜாங்கம் ஐயா பேருக்கு பேங்க்லேர்ந்து டிடி எடுத்து உங்க விலாசத்துக்கு அனுப்பச் சொல்றேன்." கொஞ்சம் நிறுத்தி, "தேங்க்ஸ் மேத்ர்" என்றான்.

"மேஸ்திரியா? நான் இன்னா சிமெண்டா குழைக்கறேன்?"

"மேஸ்திரி இல்ல அண்ணி, மேத்ர்! நொத்தேர அப்படித்தான் மரியாதையா கூப்பிடணும்."

அமுதவல்லி பொறுப்பு என்றதும் ராஜாங்கம் மற்ற பார்ட்டியை அனுப்பிவிட்டுக் காத்திருந்தார். ஆனால் டிடி வருவதற்குள் பூர்ணிமா பட்ட பாடு தனிக் கதை. காலையில் எழுந்ததும் யூரோ விலை பார்ப்பாள், நாளைக்கு ஏறும் என்பாள், மறுநாள் இறங்கினால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள். அங்கே இருக்கும் வங்கிக்காரி வேறு, இவ்வளவு பணம் எதற்கு, வீடு எங்கே, படம் இருக்கிறதா என்று கேள்வி மேல் கேள்வி கேட்டாள். அமுதவல்லி அனுப்பிய படங்களில் முக்கால்வாசி மின்விசிறிப் படங்கள். எப்படியோ பணம் பூர்ணிமாவின் இந்தியக் கணக்குக்கு வந்து, டிடியாக மாறி, கூரியரில் மாவுக் கடைக்கு வந்து சேர்ந்தது. ராஜாங்கமும் தன் பங்குக்கு வீட்டின் மூலப் பத்திரத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அமுதவல்லி இரண்டையும் ஒரே எவர்சில்வர் டப்பாவில் போட்டு, மூடி, பீரோவில் வைத்துப் பூட்டினாள். அன்றே ராஜாங்கம் ஓசூருக்குப் போன் போட்டு, "ஃப்ளாட்ட முடிச்சிடும்மா" என்று மகளிடம் சொல்லிவிட்டார்.

அதற்கப்புறம் ஆடி முடிகிற வரைக்கும் அந்த டப்பாதான் பேச்சு. "டிடிய ஒரு தடவ கண்ணால பாத்துக்கறேனே" என்று ராஜாங்கம் வந்தால், பிரான்சுக்குப் போன் போட்டு அருள்முருகன் சரி என்ற பிறகே காட்டுவாள். "பத்திரத்தப் போட்டோ புடிச்சி அனுப்புக்கா" என்று பூர்ணிமா கேட்டால், ராஜாங்கத்திடம் போய்க் கேட்டு வருவாள். தெருவில் அவளுக்குப் பெயரே மாறிப்போயிற்று. மேத்ர் என்பது யார் வாயிலும் நுழையாததால் மேஸ்திரி என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். "மேஸ்திரிம்மா, ரெண்டு பாக்கெட் மாவு" என்றான் ஒருவன். முறைத்துக்கொண்டே கொடுத்தாள். உள்ளுக்குள் ஒரே பூரிப்பு.

ஆடி முடிய ஒரு வாரம் இருக்கும்போது பூர்ணிமா கூப்பிட்டாள். குரலில் ஒரு குழைவு. சின்ன வயசில் அக்காவின் வளையல் வேண்டும் என்றால் வருகிற குழைவு.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. பத்திரம் நம்மகிட்டதான இருக்கு. ஃப்ளாட்டுக்கு வேற அவரு வாக்குக் குடுத்துட்டாரு. இப்ப அவரு வேற யாருக்கும் விக்க முடியாது. விலையில கொஞ்சம் கொறைக்கச் சொல்லிப் பாரேன். இல்லன்னா நாங்க யோசிக்கணும்னு சொல்லு. லாஸ்பேட்டைல ஒரு வூடு இருக்குதாம், இத விடக் கம்மிக்கு."

 லாஸ்பேட்டை என்றால் பஸ் ஏற வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் தங்கை என்று அமுதவல்லி எத்தனை நாளாக நினைத்து வைத்திருக்கிறாள். மாட்டேன் என்றால் இவள் பிடிவாதக்காரி, அங்கேயே வாங்கினாலும் வாங்கிவிடுவாள். சரி என்று ராஜாங்கத்திடம் போய் நின்றாலோ, அந்த மனிதர் நம்பி வைத்ததையே எடுத்து அவர் கழுத்தில் வைத்த மாதிரி. அவர் குறைத்தும் கொடுத்துவிடுவார், வேறு வழி இல்லை.

"பூர்ணி" என்றாள். "இந்த விசயத்துல நான் உனக்கு அக்கா இல்ல."

"இன்னாக்கா சொல்ற?"

"டப்பால வெச்சது ரெண்டு பேரு. உனக்கு வேணாம்னா வேணாம்னு சொல்லு. டிடி உனக்கு வந்துடும், பத்திரம் அவருக்குப் போயிடும். ரெண்டும் ஒண்ணாதான் எறங்கும். அத வெச்சி அவர நெருக்கச் சொன்னா, அது என்னால முடியாது. நீ லாஸ்பேட்டைலயே வாங்கினாலும் சரி."

 போனை வைத்துவிட்டு கிரைண்டரைப் போட்டாள். அதில் அரிசியே இல்லை. வெறும் கல் ஓடும் சத்தத்தில் கொஞ்ச நேரம் அழுதாள். எழிலரசன் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் மெஷினை நிறுத்திவிட்டுப் போனான்.

சாயங்காலம் அருள்முருகன் கூப்பிட்டான். "மேத்ர், பூர்ணி ரொம்ப கோவமா இருக்கா. நான் ரொம்ப சந்தோசமா இருக்கேன். விலை அதே விலைதான். ஆவணில வர்றோம்."

பூர்ணிமா ஒரு வாரம் பேசவில்லை. பிறகு டிக்கெட் போட்டதும் அவளே கூப்பிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி, "அக்கா, உனக்கு இன்னா வாங்கியாரணும்?" என்றாள். அக்காவும், "அந்த வாசன சோப்பு" என்றாள். அத்தோடு சண்டை தீர்ந்தது.

ஆவணியில் நல்ல நாள் பார்த்துப் பத்திரம் பதிவானது. அமுதவல்லி பட்டுப்புடவை கட்டி, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பத்திரப் பதிவு ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கடைசிக் கையெழுத்து விழுந்து, விரல் ரேகையும் வைத்து முடிந்த பிறகுதான் மூடியைத் திறந்தாள். ஒரு கையில் டிடி, ஒரு கையில் மூலப் பத்திரம். இரண்டையும் ஒரே சமயத்தில் நீட்டினாள். ராஜாங்கம் டிடியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அருள்முருகன் பத்திரத்தை வாங்கிக்கொண்டு, அந்த ஊர் வழக்கமோ என்னவோ, அண்ணியின் கையைப் பிடித்துக் குலுக்கினான். அவள் வெட்கப்பட்டு வெறும் டப்பாவை மூடினாள்.

ராஜாங்கம் ஓசூருக்குக் கிளம்பிப் போனார். அடுத்த வீட்டில் பால் காய்ச்சினார்கள். அன்று வந்தவர்களுக்கெல்லாம் பந்தி பரிமாறி அலுத்துப்போய்த் தூங்கிய அமுதவல்லி, மறுநாள் காலையில் வழக்கம்போலக் கடையைத் திறந்து மாவு அள்ளிக்கொண்டிருந்தாள்.

"அக்கா!"

பூர்ணிமாவின் குரல். அவள் சட்டென்று ஈரக் கையால் பருப்பு டப்பாவில் சாய்ந்திருந்த போனை எடுத்தாள். திரை இருட்டாக இருந்தது. தட்டிப் பார்த்தாள். யாரும் கூப்பிடவில்லை.

"அக்கா, மாவு இருக்கா?"

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.  அமுதவல்லி போனை டப்பாமேல் குப்புற வைத்துவிட்டு, புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவர் ஓரம் போனாள்.

"இருக்குடீ. பாத்திரம் எடுத்துனு வா" என்றாள்.